துரையின் ஓரக் காலாளும் என் ஐந்து பதில்களும்

என்னோடு ஒத்த வயதுக்காரர்களே, பொல்லும் கையுமாக நடக்கும் வயது வந்ததும் நாம் எல்லாரும் ஒரு வேலை செய்கிறோம். செத்துப்போனவர்களையெல்லாம் நல்லவர்களாக்கிவிடுகிறோம். அந்தக் காலத்து மனிதர், பாவம், அவருக்கு என்ன தெரியும் என்கிறோம். நானும் பலமுறை முயன்று பார்த்துவிட்டேன், எனக்கு வரவில்லை. எழுபது தாண்டியும் ஒரு சதுரங்கப் பலகையைக் கண்டால் எனக்குக் காது சுடுகிறது. ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு யார் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இரண்டாவது உலகச் சண்டை தொடங்க இன்னும் நாலைந்து வருடம் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தொப்பியும் அரைக்காற்சட்டையுமாக வந்து நம்முடைய குளத்துக்கட்டுகளை அளந்துகொண்டு போன காலம். எங்கள் வீடு குருக்கள்மடத்தில். அப்பா நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியர். விடிந்ததும் தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போவார். குளத்துக்கட்டு, மதகு, வாய்க்கால் எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு பொழுது சாயத் திரும்புவார். அவர் சட்டையைத் தோய்க்கும்போது வாளித் தண்ணீர் சேற்று நிறமாகும்.

அவருக்கு மேலே ஒரு துரை. அந்த வருடம்தான் புதிதாக வந்திருந்தார். சனிக்கிழமைகளில் வாவிக்கரைப் பங்களாவில் தங்குவார். தங்கினால் அவருக்குச் சதுரங்கம் ஆட ஆள் வேண்டும். அந்தப் பக்கத்தில் சதுரங்கம் தெரிந்த உத்தியோகத்தர் அப்பா ஒருவர்தான். ஆகவே சனிக்கிழமை பின்னேரங்களில் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு தோற்கப் போவார்.

துரைக்கு எப்போதும் வெள்ளைக் காய். நிறம் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டாரோ தெரியாது, மாற்றிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அவருடைய முதல் நகர்த்தலும் எப்போதும் ஒன்றேதான். சதுரங்கம் தெரிந்த எல்லாரும் ராசாவுக்கோ ராணிக்கோ முன்னால் நிற்கும் காலாளைத் தள்ளித் தொடங்குவார்கள். நடுப்பலகை யார் கையில் என்பதுதானே சண்டை. இந்தத் துரை அப்படியில்லை. ராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன்னால், ஓரத்திலிருந்து இரண்டாவதாக நிற்கும் காலாளை இரண்டு கட்டம் தள்ளுவார். தள்ளிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிடுவார்.

அப்பாவுக்கு அது பெரிய அவமானம். "அந்தாள் நம்மள மதிக்கிறாரில்ல" என்று அம்மாவிடம் கத்துவார். "ஒண்டுக்கும் உதவாத காலாளத் தள்ளிப்போட்டு, ஏலுமெண்டா வெல்லு பாப்பம் எண்டு சொல்லாமச் சொல்லுறார்." அம்மா மீன் வெட்டிக்கொண்டே, "அப்ப வெல்லுங்களன்" என்பாள். அதோடு அப்பா எழும்பிப் போய்விடுவார்.

வெல்லுவதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் நான். காய்கள் எப்படி நடக்கும் என்று ஒரே பின்னேரத்தில் காட்டித் தந்துவிட்டு, "வா மனே, இண்டைக்கி நீதான் தொரை" என்றார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையையும் மனே என்றுதான் கூப்பிடுவார்கள். கச்சான் காற்று அனலாக வீசும் அந்த மாதங்கள் முழுக்க நான் துரையாக இருந்தேன். பாயில் எனக்கு வெள்ளைப் பக்கம். அந்த ஓரக் காலாளைத் தள்ள வேண்டும், பிறகு துரை சென்ற சனிக்கிழமை ஆடியதை அப்பா சொல்லச் சொல்ல நான் ஆட வேண்டும். எங்கள் வீட்டுக் காய்களில் கறுப்பு ராணி எப்போதோ தொலைந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு வெற்று நூல்கட்டை நின்றது. அப்பா அதைக் கறுப்பு மையால் பூசியிருந்தார். வியர்த்த கையால் பிடித்தால் விரலில் மை ஒட்டும். அப்பா ராணியை நிறைய ஓட்டுவார், அவருடைய விரல்கள் எப்போதும் கறுப்பு.

எனக்குச் சொல்லித் தர வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததாக நினைக்காதீர்கள். நெல் குத்த உரல் தேவைப்படுவதுபோலத்தான் அவருக்கு நான் தேவைப்பட்டேன். ஆனால் தினமும் துரையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்குத் துரை ஏன் வெல்கிறார் என்பது தெரியாமலா போகும்? தண்ணீர் மட்டம் எழுதும் பழைய கொப்பி ஒன்றை எடுத்தேன். கறுப்புக்கு என்னென்ன பதில் உண்டு, எது எப்படி முடிகிறது என்று கோடு போட்ட கட்டங்களில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் தீர்ப்பும் எழுதினேன்.

முதல் பதில், அந்தக் காலாளை உடனே போய் நம் கடைசி ஓரத்துக் காலாளால் முட்டுவது. அப்பாவுக்குப் பிடித்தது இதுதான். முட்டினால் அது அசையாமல் நிற்குமா? ஒரு கட்டம் முன்னால் வந்து முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கும். கறுப்புக் குதிரை நல்ல இடத்துக்கு வர முடியாமல் கொட்டிலிலேயே கிடக்கும். தீர்ப்பு: கோபம்.

இரண்டாவது, நடுவில் ராசாவின் காலாளை இரண்டு கட்டம் வைத்து, துரையின் மந்திரி அதைக் குறிபார்த்ததும் பக்கத்துக் காலாளால் அதற்கு முட்டுக்கொடுப்பது. பார்க்கப் பாதுகாப்பு. ஆனால் ராசாவின் வேலியை நாமே பிடுங்கிவிட்டோம், அந்த ஓட்டையால் துரையின் ராணி வந்துவிடும். தீர்ப்பு: பயம்.

மூன்றாவது, ராணியையே வெளியே கொண்டுபோய் அந்தக் காலாளைப் பிடிப்பது. துரை இன்னொரு காலாளையும் தின்னக் கொடுப்பார். தின்றால் ஓரத்து யானைகளுக்கு வழி திறந்து, ராணியோ யானையோ போய்விடும். தீர்ப்பு: பேராசை.

நாலாவது, நடுக் காலாளுக்கு முட்டுக்கொடுக்காமல் விட்டுவிடுவது. துரையின் மந்திரி நம் நடுக் காலாளை வெட்டும், நம் மந்திரி அவருடைய ஓரக் காலாளை வெட்டும். நடுப்பலகை அவருக்குக் கொஞ்சம் கூடுதல், ஆனால் நம் ஆட்கள் விரைவாக வெளியே வருவார்கள். தீர்ப்பு: பரவாயில்லை.

ஐந்தாவதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது. அந்தக் காலாளைத் தொடவே கூடாது, அதுதான் பதில். ராணியின் காலாளை நடுவில் நிறுத்திவிட்டு, குதிரையை வெளியே எடுத்து, ராசாவின் காலாளை ஒரே ஒரு கட்டம் வைத்து மந்திரிக்குக் கதவைத் திறக்க வேண்டும். துரை வேறு வழியில்லாமல் ஓரக் காலாளைத் தானே இன்னும் முன்னால் தள்ளுவார். பிறகு அதைக் காப்பாற்றுவதே அவருக்கு வேலையாகிவிடும். தீர்ப்பு எழுதும் இடத்தில் "இதுதான்" என்று எழுதி இரண்டு கோடு கீறினேன்.

அப்பாவிடம் காட்டினேன். அவர் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதை அடிக்காம விட்டா நான் பயந்துட்டன் எண்டு நினைப்பாரு தொரை. பொம்புளப் புள்ளையள்ற ஆட்டம் இது" என்றார். அடுத்த சனிக்கிழமையும் ஓரக் காலாளை முட்டித் தோற்றுவிட்டு வந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அம்மா பெரியம்மாவின் பிள்ளைப்பேற்றுக்குக் களுவாஞ்சிக்குடிக்குப் போயிருந்ததால், அப்பா என்னையும் பங்களாவுக்குக் கூட்டிப்போனார். விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரையின் காய்கள் யானைத் தந்தம். கறுப்பு ராணிக்குக் கிரீடம் இருந்தது, கிரீடத்தில் சின்னச் சின்னப் பற்கள் இருந்தன. அப்பா மறுபடியும் அதை முட்டத் தன் ஓரத்துக் காலாளில் கை வைத்தார். என்னை அறியாமல் "ச்சே" என்றேன்.

துரை திரும்பிப் பார்த்தார். அப்பாவிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டார். அப்பா நெளிந்துகொண்டு பதில் சொன்னார். துரை சிரித்தார், பிறகு எழும்பி வந்து எனக்குக் கை கொடுத்தார். அந்தக் கையில் சுருட்டும் சவர்க்காரமும் மணத்தன. அப்பா எனக்குச் சொன்னார்: "வாற சனிக்கிழம உன்னோட ஆடப்போறாராம். நீ வெண்டா, பட்டணத்துப் பெண்புள்ளையள்ற விடுதிப் பள்ளிக்கூடத்துல உனக்கு இடம் குடுக்கச் சொல்லித் தானே கடிதம் எழுதுவாராம்."

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். பெண்பிள்ளை என்றால் அதற்கும் முன்பே முடித்துவிடுவார்கள், பெரியபிள்ளையானதும் வீட்டுக்குள் இருத்துவதற்கு. என் வகுப்பில் இரண்டு பேர் ஏற்கெனவே வராமல் நின்றிருந்தார்கள். எனக்கு இருந்த ஒரே வாசல் அந்தக் கடிதம். அந்தக் கிழமை நான் சோறு தின்றதாகவே ஞாபகமில்லை.

புதன்கிழமை வட்டவிதானையார் வீட்டுக்கு வந்தார். படுவான்கரை வட்டையின் வயற்காரர்களுக்கெல்லாம் பொறுப்பானவர் அவர். குளத்துக்கட்டில் ஓரிடம் கசிந்துகொண்டிருந்தது. அதைத் திருத்த அப்பா போட்டனுப்பிய மதிப்பீடு துரையின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. மழைக்கு முன் கட்டாவிட்டால் அந்த வருட வெள்ளாமை இல்லை. இது எனக்கும் தெரியும். நானும் அந்த நெல்லைத் தின்றவள்தான்.

"ஓவசியர் ஐயா, புள்ள தொரையோட ஆடப்போகுதாம் எண்டு கேள்விப்பட்டன்" என்றார் வட்டவிதானையார். "வெண்டுகிண்டு வெச்சா என்னகா செய்யிற? ஒரு பொட்டப் புள்ளைக்கிட்டத் தோத்த மனிசன் கையெழுத்து வெப்பாரா?"

"அது எங்க வெல்லப்போகுது" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேசினார்கள். நான் அடுப்படியிலிருந்து கேட்டுச் சிரித்தேன். பாருங்கள், எவ்வளவு மடைச்சி.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. காற்று நின்றுபோயிருந்தது, வாவியில் இறால் கூடு வைக்கிறவர்களின் பேச்சுக்கூட விறாந்தைக்குக் கேட்டது. அப்பா என் கதிரைக்குப் பின்னால் நின்றார். வட்டவிதானையார் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு படிக்குக் கீழே நின்றார். துரை ஓரக் காலாளைத் தள்ளிவிட்டுச் சாய்ந்தார்.

நான் ராணியின் காலாளை நடுவில் வைத்தேன். குதிரையை எடுத்தேன். ராசாவின் காலாளை ஒரு கட்டம் வைத்தேன். கொப்பியில் எழுதியபடியே துரை தன் ஓரக் காலாளை முன்னால் தள்ளினார். நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய குதிரையும் மந்திரியும் அந்த ஒற்றைக் காலாளுக்குக் காவல் நின்றன. அவருடைய ராசா ஒதுங்கக்கூட நேரமில்லாமல் நடுவிலேயே நின்றது. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் அந்தக் காலாளை வெட்டிப் பலகைக்கு வெளியே வைத்தேன். வைக்கும்போது தந்தம் மேசையில் "டக்" என்றது. என் வாழ்நாளில் அதைவிட நல்ல சத்தம் எதையும் நான் கேட்டதில்லை.

துரை ஒரு காயை நகர்த்தினார். அடுத்த முறை என்னுடையது. என் குதிரை உள்ளே ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் துரையின் ராசாவுக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் வெட்டு. ராசா விலகித்தான் ஆக வேண்டும், யானை எனக்கு. அதற்குப் பிறகு அவருக்கு ஆட்டமே இல்லை. நான் குதிரையை நோக்கிக் கை நீட்டினேன்.

"ராணியக் குடு" என்றார் அப்பா.

எனக்கு விளங்கவில்லை, திரும்பிப் பார்த்தேன். அவர் பலகையைப் பார்க்காமல் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல, "ராணிய அந்த மந்திரிக்கு முன்னால வை மனே. தொரைக்குத் தமிழ் தெரியாது. ராணியக் குடுத்துட்டுத் தோத்துப் போ. ஊர்ட வெள்ளாம உன்ட கையில இரிக்கு" என்றார். துரையின் சுருட்டுச் சாம்பல் உதிர்ந்து அவர் முழங்காலில் விழுந்தது. அவர் தட்டவில்லை.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எழும்பி ஓடியிருக்கலாம், பலகையைத் தட்டிவிட்டிருக்கலாம். நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கிரீடம் வைத்த தந்த ராணியை எடுத்து, அவருடைய மந்திரிக்கு நேரே வைத்தேன். என் கைதான் வைத்தது. அந்தக் கையின் மீதும் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

துரை ராணியை உற்றுப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு வெட்டி எடுத்துக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு நகர்த்தலில் என் ராசா விழுந்தது. படிக்குக் கீழே வட்டவிதானையார் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே சமையற்கட்டு யன்னலால் ஒரு குரல் வந்தது. "காக்கா, அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுங்கள். சீனி கூடப் போடுங்கள்." சுத்தமான தமிழ். எட்டிப் பார்த்தேன். துரை விறாந்தைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

பங்களாவுக்குச் சமைத்துப்போடும் காக்கா கோப்பையோடு வெளியே வந்தார். காத்தான்குடி முஸ்லிம் ஆள், நரைத்த தாடி; அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். "காக்கா, துரைக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஏன் தெரியாம? என்னோட எல்லாம் தமிழ்லதான். இவங்க வேலைக்கு வந்த புதுசிலேயே தமிழ்ச் சோதின பாஸ் பண்ணணும் புள்ள" என்றார். "ஒங்கட வாப்பா இங்கிலீசில பேசினா அவரும் இங்கிலீசில பேசுறாரு. தமிழ் தெரியுமா எண்டு ஆராச்சும் கேட்டாத்தானே சொல்லுவாரு."

தேத்தண்ணியை நான் கிணற்றடி வாழைக்கு ஊற்றினேன். கேட்டிருக்கிறார். ராணியைக் கொடு என்றதையும் கேட்டார், ஊரின் வெள்ளாமை என்றதையும் கேட்டார். கேட்டுக்கொண்டே வெட்டி எடுத்திருக்கிறார். ஒரு பிள்ளைக்குச் சீனி கூடப் போட்ட தேத்தண்ணியோடு அவருடைய கணக்குத் தீர்ந்துவிட்டது. துரைமார் நியாயமானவர்கள் என்று இன்றைக்கும் பெருமூச்சு விடுகிற நம்மவர்கள் சிலரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திரும்பும் தோணியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் கம்பை ஊன்றித் தோணி தாங்குவதை நிறுத்தினார். தோணி தானாகக் கொஞ்ச தூரம் போனது. வெட்கப்படப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அப்ப நாம விட்டுக் குடுத்தது அவருக்குத் தெரியும்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு மனே. மறக்க மாட்டாரு."

மறந்தார். இல்லை, மறந்திருக்க மாட்டார், அக்கறைப்படவில்லை. கேட்காமலே ராணி கிடைக்கிற மனிதர் எதற்காகக் கையெழுத்து வைக்க வேண்டும்? புரட்டாதியில் மாற்றலாகி வேறெங்கோ போய்விட்டார். போகிற அன்று என் தலையில் தட்டிவிட்டுப் போனார். மதிப்பீடு மேசையிலேயே கிடந்தது. கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, தோற்றவளுக்கு எதற்குக் கடிதம்?

மார்கழி மழையில் கட்டு உடைந்தது. கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்து நெல்லின் மேலே வெள்ளம் நின்று, வடிந்தபோது வட்டை முழுக்க அழுகல் நாற்றம். "தொரை நல்லவருதான், நம்மட காலம் சரியில்ல" என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னார் வட்டவிதானையார். அப்பா தலையாட்டினார். சேத அறிக்கை எழுத அவருக்குத் தாள் போதவில்லை. என் கொப்பியை எடுத்து, என் ஐந்து பதில்களும் இருந்த தாள்களைக் கிழித்து, அவற்றின் பின்பக்கத்தில் எந்தெந்த வயல் அழிந்தது என்று எழுதி அனுப்பிவிட்டார். அந்தத் தாள்கள் எந்தக் கந்தோரில் எந்தக் கறையானுக்குப் போனதோ. தை மாதம் நான் பெரியபிள்ளையானேன். பள்ளிக்கூடம் அதோடு சரி.

இவ்வளவும் நடந்த பிறகும் நான் ஆறியிருப்பேனோ என்னவோ. அப்பா அதை ஒரு பகிடியாக்கினார். கலியாண வீட்டில், சாவீட்டில், எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களின் முன்னால், "இவ தொரையோடயே சதுரங்கம் ஆடினவ" என்று தொடங்குவார். "நான் ஒரு சொல்லுச் சொன்னன், தோத்துட்டா. சொல்லாட்டியும் எப்பிடியும் தோத்திருப்பா." எல்லாரும் சிரிப்பார்கள். எப்பிடியும் தோத்திருப்பா. நாற்பது வருடம் இதைக் கேட்டேன். கேட்டுக் கேட்டு, ஒருவேளை அப்படித்தானோ, அந்தப் பாய்ச்சலில் நான் காணாத ஏதோ ஓட்டை இருந்ததோ என்று நானே சந்தேகப்பட்டேன். அடுப்படியில் நின்றுகொண்டு மனதுக்குள் அந்தக் காய்களை எத்தனை ஆயிரம் தடவை அடுக்கியிருப்பேன்! ஓட்டை எதுவும் இல்லை.

அப்பா கடைசியாகப் படுத்தபோது நான்தான் பார்த்தேன். ஒரு நாள் காலை நான் கஞ்சி கொண்டுபோனபோது, பக்கத்து வீட்டாருக்கு அதே பகிடியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு கஞ்சியை வைத்துவிட்டுப் பலகையைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தேன். அன்று பங்களாவில் நான் குதிரைக்குக் கை நீட்டிய நேரத்தில் எது எங்கே நின்றதோ அப்படியே எல்லாக் காய்களையும் அடுக்கினேன். கறுப்பு ராணியின் இடத்தில் அதே நூல்கட்டை. மை முழுக்கப் போய் வெறும் மரமாக இருந்தது.

"கறுப்புட முறை. நான் எப்பிடியும் தோத்திருப்பன் எண்டுதானே சொல்லுறீங்க? ஆடிக் காட்டுங்க" என்றேன்.

அவர் யோசிப்பார், குழம்புவார், அப்போது நான் குதிரையைப் பாயவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன் என்று நினைத்திருந்தேன். அவர் யோசிக்கவில்லை. கையை நீட்டிக் குதிரையை எடுத்தார். சரியான கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"இது அண்டைக்கே கண்டுட்டன் மனே" என்றார். "அதாலதானே சொன்னன்."

அந்த ஓரக் காலாளுக்கு ஒரு பருவம் முழுக்கப் பதில் தேடி, ஒன்றையும் சரியாகக் காணாத மனிதர். மகள் வெல்லப்போகிறாள் என்பதை மட்டும் சரியாகக் கண்டிருக்கிறார்.

நான் காய்களைப் பெட்டியில் போட்டேன். கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது. அதை நான் சூடாக்கிக் கொடுக்கவில்லை.